கார் வேலைக்கு வீட்டில் கம்ப்ரசர்: முதலில் காற்றின் கணக்கு

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஐப்பசி மாதத்தில் என் பழைய காரின் பானெட்டுக்கு நானே பெயின்ட் அடித்தேன். வீடு சேலத்தை ஒட்டிய கன்னங்குறிச்சியில். போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்தி, சுற்றிலும் பழைய வேட்டிகளைக் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசி அடக்கி, எல்லாம் முறையாகத்தான் செய்தேன். கம்ப்ரசர் மட்டும் 1 ஹெச்பி மோட்டாரும் 24 லிட்டர் டேங்கும் கொண்ட சின்ன மெஷின். டயருக்குக் காற்றடிக்க வாங்கியது.

முதல் வரிசை அழகாக விழுந்தது. விசிறி மாதிரி விரிந்து, ஈரமாக, ஒரே சீராக. இரண்டாவது வரிசையின் பாதியில் விசிறி சுருங்கியது. மூன்றாவதில் ஸ்பிரே கன் துப்ப ஆரம்பித்தது. பொடிப்பொடியாக, உருண்டை உருண்டையாகப் பெயின்ட் வந்து ஒட்டியது. மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் பானெட் முழுக்க ஆரஞ்சுப் பழத்தோல். ஓரத்தில் ஏழெட்டு இடத்தில் தண்ணீர்க் கொப்புளம்.

எங்கள் தெருமுனையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் பெயின்டர் அண்ணன் வந்து விரலால் தடவிப் பார்த்தார். "மெஷின் மேல தப்பு இல்லீங்க தம்பி. கன்னு கேக்குற காத்தை அது குடுக்கல. குடுத்த காத்துலயும் தண்ணி இருக்கு" என்றார். கம்ப்ரசர் வாங்கும்போது தெரிந்திருக்க வேண்டியது அந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது. அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கம்ப்ரசர் என்பது பெரிய சைக்கிள் பம்புதான். சிலிண்டருக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்றை இழுக்கிறது, மேலே ஏறும்போது அதை நசுக்கி டேங்குக்குள் தள்ளுகிறது. தள்ளிய காற்று திரும்பி வராமல் வழியில் ஒரு வால்வு. டேங்கில் குறிப்பிட்ட அழுத்தம் சேர்ந்ததும் பிரஷர் சுவிட்ச் மோட்டாரை நிறுத்தும். அழுத்தம் இறங்கினால் திரும்ப ஓட்டும். நிற்கும்போது 'டுஸ்' என்று ஒரு சத்தம் வரும். பிஸ்டன் தலைமேல் தேங்கிய காற்றைத் திறந்துவிடும் சத்தம் அது. அது வரவில்லை என்றால் அடுத்த முறை மோட்டார் அந்தச் சுமையோடு கிளம்பத் திணறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடும் இல்லையா, இங்கேயும் அதே சூடு உண்டு. அந்தச் சூட்டைப் பற்றிப் பின்னால் பேசவேண்டியிருக்கிறது.

கடையில் நான்கு எண்கள் சொல்வார்கள். மோட்டார் எத்தனை ஹெச்பி, டேங்க் எத்தனை லிட்டர், அழுத்தம் எத்தனை பார் அல்லது பிஎஸ்ஐ, காற்று எத்தனை சிஎஃப்எம். நம் வீட்டுத் தண்ணீரை வைத்துப் பார்த்தால் நான்கும் சட்டென்று புரியும். மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பீய்ச்சுகிறது என்பது அழுத்தம். தொட்டி எவ்வளவு பெரியது என்பது டேங்கின் லிட்டர். போர் மோட்டாரின் பலம் ஹெச்பி. போர் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை குடம் ஏற்றுகிறது என்பது சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று. ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். கல்யாண வீட்டில் பத்துக் குழாயையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். அதற்கப்புறம் மோட்டார் ஏற்றும் அளவுதான் குழாயில் வரும். ஸ்பிரே கன் அப்படிப் பத்துக் குழாயைத் திறந்துவைக்கிற சாமான்.

அழுத்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. காற்றில் ஓடும் டூல்களுக்கு 90 பிஎஸ்ஐ, ஸ்பிரே கன்னுக்கு அதில் பாதியோ அதற்கும் கீழோ போதும். கார் டயருக்கு 30, 35. வீட்டுக்கு வரும் மெஷின் எல்லாமே 8 பார், அதாவது 115 பிஎஸ்ஐ வரை ஏறும். "இது 10 பார் போகும்" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் அந்த 2 பாருக்காகக் கொடுக்காதீர்கள்.

சிஎஃப்எம் விஷயம் அப்படியில்லை. ஒவ்வொரு டூலும் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று குடிக்கும் என்று தெரிந்தால்தான் மெஷினையே தேர்ந்தெடுக்க முடியும். டயருக்குக் காற்றடிக்க 1, 2 கன அடி போதும். தூசி ஊதும் கன்னுக்கு 3, 4. வீல் நட்டு கழற்றும் அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சுக்குச் சராசரியாக 4, 5. ஆனால் அது ஒரு நட்டுக்குச் சில விநாடிதான் ஓடும், அடுத்த நட்டுக்குப் போவதற்குள் டேங்க் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளும். பட்டி தேய்க்கும் காற்று சாண்டருக்கு 8 முதல் 12 கன அடி, அதுவும் இடைவிடாமல். ஸ்பிரே கன்னிலும் வகையுண்டு. ஹெச்விஎல்பி என்று எழுதியிருக்கும் கன் நிறையக் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விடும். மூக்கில் 10 பிஎஸ்ஐக்கு மேல் இருக்காது. அதனால் பெயின்ட் தெறித்துக் காற்றில் போவது குறைவு, மூன்றில் இரண்டு பங்காவது வண்டியில் ஒட்டும். பெயின்ட் மிச்சம்தான், ஆனால் 8 முதல் 14 கன அடி காற்று கேட்கும். எல்விஎல்பி கன் 4 முதல் 6 கன அடியில் வேலை செய்யும். கை கொஞ்சம் மெதுவாகப் போகவேண்டும், அவ்வளவுதான். வீட்டில் அடிப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். பழைய மாதிரிக் கன்கள் இரண்டுக்கும் நடுவில்.

ஆகவே முதலில் கன்னை முடிவு செய்யுங்கள். அதன் பெட்டியில் எழுதியிருக்கும் காற்று அளவைக் குறித்துக்கொண்டு அப்புறம் கம்ப்ரசர் கடைக்குப் போங்கள். பெரும்பாலும் எல்லோரும் தலைகீழாகத்தான் செய்கிறோம்.

கடையில் ஒரு சிக்கல் இருக்கிறது. மெஷின் மேல் ஒட்டியிருக்கும் சிஎஃப்எம் எண் பல நேரம் பிஸ்டன் இழுக்கும் அளவு. சிலிண்டரின் கொள்ளளவைச் சுற்று வேகத்தால் பெருக்கிப் போட்ட கணக்கு. டேங்குக்கு உண்மையில் போய்ச் சேரும் காற்று அதைவிடக் குறைவு. சூட்டிலும் வால்வு கசிவிலும் சிலிண்டர் தலையில் தங்கிவிடுவதிலும் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், சின்ன மெஷினில் பாதிகூடப் போகும். உண்மையில் வந்துசேரும் அளவை எஃப்ஏடி என்பார்கள். "எஃப்ஏடி எவ்வளவுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எழுத்தில் காட்டினால் நல்ல கம்பெனி, நல்ல கடை. அது கிடைக்காவிட்டால் மனக்கணக்குக்கு, நல்ல பம்பாக இருந்தால் ஒரு ஹெச்பிக்கு 3 முதல் 4 கன அடி என்று வைத்துக்கொள்ளலாம். 1 ஹெச்பி மோட்டாரை மாட்டிக்கொண்டு 8 கன அடி தருகிறேன் என்று எந்த மெஷின் சொன்னாலும் நம்பவேண்டாம்.

இன்னும் நல்ல வழி, கடையிலேயே அளந்து பார்ப்பது. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், போனில் ஸ்டாப்வாட்ச் போதும். போன வருடம் என் தங்கை மகனுக்காக மெஷின் பார்க்கப் போனபோது செய்தோம். 2 ஹெச்பி, 50 லிட்டர் டேங்க், ஸ்டிக்கரில் 8.5 சிஎஃப்எம். வெளியே போகும் வால்வை மூடி மெஷினை ஓடவிட்டோம். மீட்டர் முள் 6 பாரைத் தொட்டதும் அவன் ஸ்டாப்வாட்சை அழுத்தினான். முள் நடுங்கிக்கொண்டே ஏறியது. 8-ல் மெஷின் 'டுஸ்' என்று நின்றபோது 50 விநாடி. கணக்கு இதுதான்: 50 லிட்டர் டேங்கில் 2 பார் ஏறினால், வெளிக்காற்றாகப் பார்க்க 50 பெருக்கல் 2, 100 லிட்டர் உள்ளே போயிருக்கிறது. 50 விநாடிக்கு 100 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு 120 லிட்டர். 28.3-ஆல் வகுத்தால் 4.2 கன அடி. ஸ்டிக்கரில் இருந்ததில் சரிபாதி. "மாமா, இதுல ஹெச்விஎல்பி கன்னு ஓடாதுல்ல?" என்றான். ஓடாது. கடைக்காரர் கோபப்படவில்லை. பக்கத்தில் இருந்த, மோட்டார் பெல்ட் வழியாகப் பம்பைச் சுற்றும் பெல்ட் மெஷினையும் அதே மாதிரி ஓட்டிக் காட்டினார். அதைத்தான் வாங்கினோம்.

அளக்கும்போது காலியிலிருந்து தொடங்காதீர்கள். அழுத்தம் குறைவாக இருக்கும்போது டேங்க் சீக்கிரம் ஏறி, மெஷினை நல்லதாகக் காட்டிவிடும். 6-லிருந்து 8 வரை பார்ப்பதுதான் நியாயமான சோதனை.

பெரிய டேங்க் வாங்கிவிட்டால் சின்னப் பம்ப் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கொஞ்ச நேரத்துக்குப் போதும். எவ்வளவு நேரம் என்று போட்டுப் பார்க்கலாம். கன் நிமிடத்துக்கு 10 கன அடி, அதாவது 280 லிட்டர் குடிக்கிறது. பம்ப் 5 கன அடி, 140 லிட்டர் தருகிறது. டேங்க் 8 பாரில் நிரம்பி இருக்கிறது, 6 பாருக்கு இறங்கினால் மோட்டார் கிளம்பும், 3 பாருக்குக் கீழே போனால் கன் சுருங்கும் என்று வைப்போம். 50 லிட்டர் டேங்கில் முதல் 2 பார் 21 விநாடியில் தீரும். அப்புறம் பம்பும் ஓடுவதால் மீதி 3 பார் ஒரு நிமிடம் சொச்சம் தாங்கும். மொத்தம் ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கீழே. ஒரு கதவுக்கு ஒரு கோட் போடலாம், பானெட் முடியாது. அதே பம்போடு 160 லிட்டர் டேங்க் இருந்தால் நான்கரை நிமிடம் வரும். பானெட்டை நிதானமாக முடித்துவிடலாம். ஆனால் 3 பாருக்கு இறங்கிய அந்த 160 லிட்டர் டேங்கைத் திரும்ப 8 பாருக்கு நிரப்ப அந்தப் பம்ப் ஆறு நிமிடம் மூச்சுவிடாமல் ஓடவேண்டும். வீட்டு மெஷின் பலவும் பாதி நேரம் ஓடி, பாதி நேரம் ஆறுவதற்காகச் செய்தவை. பத்து நிமிடத்தில் ஐந்துதான் ஓடலாம். தொடர்ந்து ஓட்டினால் வால்வுத் தகடும் பிஸ்டன் ரிங்கும் சீக்கிரம் போய்விடும். டேங்க் இடைவெளியை நிரப்பும், பம்பின் குறையைத் தீர்க்காது.

கரன்ட் விஷயத்தில் வீட்டுக்காரருக்கு ஒரு இயற்கையான எல்லை இருக்கிறது. 1 ஹெச்பி என்பது 746 வாட். 2 ஹெச்பி மோட்டார் இழப்பெல்லாம் சேர்த்து 10 ஆம்பியர் பக்கம் இழுக்கும். கிளம்பும் அந்த ஒரு நொடியில் ஐந்தாறு மடங்கு. ஏசிக்குப் போடும் 16 ஆம்பியர் சாக்கெட்டில் இது சரியாக ஓடும். 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டவே கூடாது. 3 ஹெச்பிக்கு மேல் போனால் மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால்தான் நிம்மதி. அப்புறம் எக்ஸ்டென்ஷன் ஒயர். மெல்லிய ஒயரை இருபது அடி இழுத்து மாட்டினால் கிளம்பும்போது வோல்டேஜ் விழுந்து, மோட்டார் சுற்றாமல் உறுமும். அந்த உறுமலை நான்கு முறை விட்டால் கெப்பாசிட்டர் போகும், அடுத்தது வைண்டிங். கம்ப்ரசரைச் சாக்கெட் பக்கத்திலேயே வைத்துவிட்டு, காற்றுக் குழாயை நீளமாக வாங்குங்கள். நீளக் குழாய் பெயின்டுக்கும் நல்லது. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

என் பானெட்டில் வந்த கொப்புளத்துக்கு நான் முதலில் தின்னரைத்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் தண்ணீர் காற்றிலேயே இருந்தது. ஐப்பசி மழைக்காலத்தில் சேலத்தில் 28 டிகிரி வெப்பம், 85 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 23 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 5 கன அடி பம்ப் ஒரு மணி நேரம் ஓடினால் எட்டரை கன மீட்டர் காற்றை விழுங்கும். அதாவது கிட்டத்தட்ட 200 கிராம் தண்ணீரையும் சேர்த்து. அந்தக் காற்று எட்டில் ஒரு பங்காக நசுங்கி டேங்கில் ஆறும்போது, அவ்வளவு ஆவியைத் தாங்கிவைக்க அதற்குள் இடம் இல்லை. 150 மில்லி, ஒரு டம்ளர் தண்ணீர், திரவமாகக் கீழே இறங்கிவிடும். கொஞ்சம் டேங்கின் அடியில், கொஞ்சம் குழாயில், மிச்சம் உங்கள் பானெட்டில்.

சூடாக இருக்கும் காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்க முடியாது. ஆறினால்தான் பிரியும். தண்ணீர் பிடிக்கும் ஃபில்டரைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டினால் ஆவி அதைத் தாண்டிப் போய், குழாயில் ஆறி, கன்னுக்குள் சொட்டாக வந்துவிடுகிறது. நானும் அங்கேதான் மாட்டியிருந்தேன். இப்போது கம்ப்ரசரிலிருந்து சுவர் ஓரமாக முப்பது அடி இரும்புப் பைப் போகிறது, லேசான சரிவில். அதன் கடைசியில் ஒரு வடிகால் வால்வு. கன்னுக்குப் போகும் காற்றை அந்தப் பைப்பின் மேல்பக்கத்திலிருந்து வளைத்து எடுத்திருக்கிறேன், அடியில் ஓடும் தண்ணீர் கூட வராது. அதற்கப்புறம் ஃபில்டர், கன்னுக்கு வேண்டிய அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் ரெகுலேட்டர், குழாய், கன். பைப் போட இடமில்லாதவர்கள் ஐம்பது அடிக் குழாயை ஒரு தண்ணீர் வாளிக்குள் சுருட்டிப்போட்டு, அதைத் தாண்டி ஃபில்டரை மாட்டலாம். வாளித் தண்ணீர் காற்றை ஆற்றிவிடும். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், நன்றாக வேலை செய்யும்.

ஏற்காட்டில் மச்சான் வீட்டில் ஒரு ஜீப் கதவு அடித்தபோது எனக்கு இன்னொரு பாடம். பனிமூட்டத்தில் காற்று முழுக்கத் தண்ணீர், சேலம் வெயிலில் காற்று வறண்டது என்றுதான் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் அப்படியில்லை. மே மாதம் சேலத்தில் 38 டிகிரி, 35 சதவீத ஈரப்பதம் என்றால் கன மீட்டருக்கு 16 கிராம். ஏற்காட்டில் 20 டிகிரியில் மூட்டம் இறங்கி நிற்கும்போது 17 கிராம். ஏறத்தாழ ஒன்றே. வித்தியாசம் வண்டியின் தகட்டில்தான். மலையில் தகடு குளிர்ந்து கிடக்கும். தின்னர் ஆவியாகும்போது அதை இன்னும் குளிர்விக்கும். சுற்றியுள்ள ஈரம் ஈரப்பெயின்டின் மேலேயே படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். சீக்கிரம் காயும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டில் இது சட்டென்று தெரியும். எந்த ஃபில்டரும் இதற்கு உதவாது. மூட்டம் விலகி, தகடு கைக்கு வெதுவெதுப்பாகும் வரை காத்திருந்து அடித்தோம், சரியாக வந்தது. கீழே சேலத்தில் மே மாத மத்தியானம் இதற்கு நேர்மாறு. பெயின்ட் கன்னிலிருந்து வண்டிக்குப் போவதற்குள்ளேயே காய்ந்து பொடியாக விழும். காலை ஏழு மணிக்கு அடியுங்கள், மெதுவாகக் காயும் தின்னர் கேட்டு வாங்குங்கள்.

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர். சேலம் 280 மீட்டர் சொச்சம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் காற்றின் அழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பம்ப் ஒவ்வொரு அடிக்கும் அதே அளவு இழுத்தாலும் உள்ளே வருவது மெலிந்த காற்று. கீழே மூன்று நிமிடத்தில் நிரம்பும் டேங்க் மேலே மூன்றரை நிமிடம் எடுக்கும். மலையில் குடியிருப்பவர்கள் ஒரு படி பெரிய பம்பாக எடுங்கள்.

எண்ணெய் ஊற்றும் மெஷினா, எண்ணெய் இல்லாததா?

எண்ணெய் இல்லாத மெஷினில் பிஸ்டன் ரிங் டெஃப்லான் மாதிரி பொருளில் இருக்கும். பராமரிப்பு குறைவு, காற்றில் எண்ணெய் வராது. ஆனால் ரிங் தேயும், பெரிய வேலைக்குத் தாங்காது. எண்ணெய் ஊற்றும் பம்ப் நீண்ட நாள் உழைக்கும். ரிங் தேய்ந்தால் காற்றோடு எண்ணெய்ப் புகையைத் தள்ளும். அது பெயின்டில் பட்டால் அந்த இடத்தைச் சுற்றிப் பெயின்ட் விலகி, வட்டமாகக் குழி விழும். பெயின்டர்கள் 'மீன்கண்' என்பார்கள். வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் காற்றின் முன் பிடித்துப் பார்த்தால் எண்ணெய் வருகிறதா என்று தெரிந்துவிடும். நல்ல நிலையிலுள்ள எண்ணெய்ப் பம்ப், ஒழுங்கான ஃபில்டர், இந்தச் சேர்க்கையைத்தான் பெரும்பாலான பட்டறைகள் வைத்திருக்கின்றன. எண்ணெய் மாற்றும்போது கம்ப்ரசர் ஆயில் என்று கேட்டே வாங்குங்கள், மிச்சமிருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றாதீர்கள். அதிலுள்ள கழுவும் ரசாயனம் பம்புக்குள் நுரைக்கும், வால்வில் கரி பிடிக்கும்.

சத்தமும் இதோடு சேர்ந்தது. மோட்டாரோடு நேராக இணைத்த சின்ன மெஷின்கள் பலவும் நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடும், காது கிழியும். பெல்ட் மெஷினில் பம்ப் ஆயிரம் சுற்றுக்குள் ஓடும். சூடும் குறைவு, சத்தமும் கனமான தடதட சத்தம், தாங்கிக்கொள்ளலாம். அம்மாப்பேட்டை பக்கம் தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய மற்ற தெருக்களில் இதை யோசித்தே ஆகவேண்டும்.

எங்கள் பக்கத்துக்கு மட்டும் ஒரு விஷயம். கன்னங்குறிச்சி, செட்டிச்சாவடி சுற்றி வெள்ளைக்கல் சுரங்கத் தூசி இருக்கும். பம்பின் காற்று இழுக்கும் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். அடைத்த ஃபில்டரோடு 5 கன அடி பம்ப் 4 கன அடி ஆகிவிடும்.

குழாயில் கஞ்சம் பிடிப்பவர்கள் அதிகம். விவசாய மருந்து அடிக்கும் மெல்லிய குழாயையே மாட்டிவிடுவார்கள். ரெகுலேட்டர் மீட்டர் 40 பிஎஸ்ஐ காட்டும், கன்னில் 25 கூட இருக்காது. உள்விட்டம் 10 மில்லிமீட்டர் குழாய் வாங்குங்கள். ஒரு சின்ன மீட்டரைக் கன்னின் கைப்பிடிக்குக் கீழேயே மாட்டி, விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுத்தத்தை வையுங்கள்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். கடினப்படுத்தும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பியு (பாலியூரிதேன்) பெயின்ட், கலருக்கு மேல் பளபளப்புக்கு அடிக்கும் 2கே கிளியர் கோட் எல்லாவற்றிலும் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரவைக்கும். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போய்விட்டால் அடுத்த முறை கொஞ்சம் பட்டாலே மூச்சு முட்டும். அதற்கு வாசனையும் கிடையாது, எச்சரிக்கை தெரியாது. கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் முகமூடிதான் இதற்கு உண்டான பாதுகாப்பு. அது இல்லை என்றால் பிரைமர், கலர் வரை வீட்டில் அடித்துவிட்டு, கிளியர் கோட்டுக்கு வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதில் பேச்சே இல்லை. கம்ப்ரசரையும் பெயின்ட் அடிக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. பிரஷர் சுவிட்சில் பொறி பறக்கும், தின்னர் ஆவி பற்றும். சமையலறை ஜன்னல் பக்கமும் வேண்டாம்.

காற்று லைனுக்குப் பிளம்பிங் பிவிசி பைப் போடுவதைச் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன். தண்ணீருக்கு உடைந்தால் ஒழுகும், காற்றுக்கு உடைந்தால் கத்தி கத்தியாகச் சிதறிப் பாயும். இரும்பு, செம்பு, இல்லையென்றால் காற்றுக்கென்றே செய்த குழாய். இவை தவிர வேறு எதுவும் போடாதீர்கள்.

பழைய மெஷின் வாங்கலாமா என்றால், வாங்கலாம். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிப் பட்டறைகளில் புழங்கிய நல்ல பம்புகள் கிடைக்கும். பம்பைச் சரிசெய்துவிடலாம், டேங்கை முடியாது. டேங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளிப் பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும். அடி வடிகாலைத் திறந்து பாருங்கள். செதில் செதிலாகத் துரு வந்தாலோ, டேங்கின் அடியில் எங்காவது வெல்டிங் ஒட்டு இருந்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்தால் காற்று சீறி வரவேண்டும். இறுகிப்போயிருந்தால் புதிதாக மாற்றிவிட்டுத்தான் ஓட்டவேண்டும்.

என்ன வாங்கலாம் என்று நேராகக் கேட்டால் என் பதில் இது. டயருக்குக் காற்று, தூசி ஊதுவது, அவ்வளவுதான் என்றால் எண்ணெய் இல்லாத 1 ஹெச்பி, 24 லிட்டர் தாராளம். வீல் நட்டு கழற்றத்தான் வேண்டும் என்றால் கம்ப்ரசரே வேண்டாம், பேட்டரி இம்பாக்ட் வாங்குங்கள். கதவு, ஃபெண்டர், பம்பர் என்று ஒவ்வொரு பாகமாக அடிக்க, எண்ணெய் ஊற்றும் 2 ஹெச்பி பெல்ட் மெஷின், 100 லிட்டர் டேங்க், எல்விஎல்பி கன். ஒரே ஃபேஸில் ஓடும், வீட்டுக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. பட்டி தேய்ப்பதற்குக் காற்று சாண்டர் வாங்காமல் கரன்ட் சாண்டர் வாங்கினால் மெஷின் ஒரு படி சிறியதாகவே போதும். முழு வண்டியும் ஒரே மூச்சில் அடிக்க வேண்டுமென்றால் 3 ஹெச்பி, மூன்று ஃபேஸ், 160 லிட்டருக்குக் குறையாமல். கோயம்புத்தூரில் 1960-லிருந்து கம்ப்ரசர் செய்கிற எல்ஜி மாதிரி கம்பெனிகள் பக்கத்திலேயே இருப்பதால் வால்வுத் தகடு, ரிங், கேஸ்கெட் எல்லாம் நமக்குச் சுலபமாகக் கிடைக்கிறது. பெயர் தெரியாத மெஷின் வாங்குவதற்கு முன் "இதுக்கு வால்வு பிளேட் இங்க கிடைக்குமா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

வாங்கி வந்த அன்றிலிருந்து ஒரு பழக்கம். வேலை முடிந்து சுவிட்சை அணைத்ததும் டேங்கில் கொஞ்சம் காற்று இருக்கும்போதே அடி வடிகாலைக் கால் திருப்புத் திறந்துவிடுங்கள். கடையில் இதைச் சொல்லமாட்டார்கள். முதலில் காபி நிறத்தில் தண்ணீர் சீறும், அப்புறம் வெள்ளைப் புகை மாதிரி ஈரக்காற்று, கடைசியில் வெறும் காற்று. அந்த வெறும் காற்றுச் சத்தம் கேட்டபிறகுதான் நான் ஷெட்டைப் பூட்டுகிறேன்.